கட்டின் மேல் இழுத்த கோடு

ஒகேனக்கலில் மீன் வறுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் காலில் இருந்த புண் ஆறாமல் போனதற்கு நான் காரணம். ஆனால் அவர்தான் காரணம் என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இதை இப்போது எழுத வைத்தது ஒரு சுவரொட்டி. தர்மபுரியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே முப்பத்தோரு ஆண்டுகள் ஆண் செவிலியராக இருந்தேன். பாதிக் காலத்துக்கு மேல் டிரஸ்ஸிங் அறையில். ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்த அறையின் பொறுப்பில் இருக்கும் மும்தாஜ், புதிதாக ஒட்டிய ஒரு சுவரொட்டியைப் படம் எடுத்து அனுப்பி, “சார், நல்லாருக்கா?” என்று கேட்டிருந்தார். அழுத்தக் கட்டு போட்டும் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்பதற்கான காரணங்கள் அதில் வண்ணத்தில் அச்சாகியிருந்தன. நோயாளியின் வயது, நோயாளியின் எடை, நோயாளியின் சர்க்கரை, நோயாளி நடக்காதது, நோயாளி நிற்பது, நோயாளி சொன்ன பேச்சைக் கேட்காதது. எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பட்டியல் முழுவதும் தேடியும் கட்டுகிறவனின் கையைக் காணவில்லை. கட்டைப் போட்டது யார், எந்த நேரத்தில் போட்டார், அதற்கு முன் அந்தக் காலை எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வைத்தார் என்று ஒரு சொல் இல்லை. குற்றப்பத்திரிகை எழுதுகிறவன் தன் பெயரை அதில் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் கிறிஸ்தவக் குடும்பம். பங்குத்தந்தை சொல்லி நர்சிங் சேர்ந்தேன். மூன்று ஆண்டுப் படிப்பில் அழுத்தக் கட்டுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதிய வேளை. அதையும் மேசைக் காலில் சுற்றிக் காட்டினார்கள். மேசைக் கால் வீங்காது, வற்றாது. அந்தப் பாடத்தோடுதான் என்னை மனிதக் கால்களிடம் அனுப்பினார்கள்.

எங்கள் தலைமை அறுவை மருத்துவரைப் பெரிய டாக்டர் என்போம். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பதினொன்றே முக்காலுக்கு டிரஸ்ஸிங் அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். நாலாக மடித்த கைக்குட்டை மூக்கில் இருக்கும். இன்னொரு கையை நீட்டினால் அதில் நான் கேஸ் ஷீட்டை வைக்க வேண்டும். காலைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார். நோயாளிகளுக்கு அவரிடம் பெயர் கிடையாது. ஒருவர் “கிரானைட் கேஸ்”, இன்னொருவர் “பஸ் கண்டக்டர் கேஸ்”. ஆறியிருந்தால் தலையை ஒரு முறை அசைப்பார். ஆறவில்லை என்றால் பேனாவின் முனையால் அந்த வரியைத் தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்பார்.

“ஆரோக்கியம், நம்ம ட்ரீட்மென்ட் கரெக்ட். அப்போ தப்பு எங்க இருக்கு?”

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு தாங்க முடியாதது. பதில் சொல்லும்வரை பேனா தட்டிக்கொண்டே இருக்கும். “பேஷன்ட் அவுத்துடறாங்க சார்” என்று சொன்னதும் நின்றுவிடும். கைக்குட்டை மடிப்புக் கலையாமல் சட்டைப் பைக்குள் போகும். மாதாந்திரக் கூட்டத்திலும் இதே கதைதான். ஆறாத புண்களுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மருத்துவமனைப் பக்கம் எதையாவது எழுதினால் விளக்கம் கேட்பார்கள். நோயாளியின் பக்கம் எழுதினால் கூட்டம் சீக்கிரம் முடிந்து தேநீர் வரும். நான் தேநீர் குடிப்பவனாக இருந்தேன்.

நோயாளிகள்தான் அவிழ்க்கிறார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று நினைத்து நான் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கட்டு போடும் முறையைச் சொன்னால்தான் அது விளங்கும். முதலில் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடிக்காத காலை இறுக்கிக் கட்டினால் கால் கறுத்துப் போகும். பிறகு புண்ணைக் கழுவி மூடி, பஞ்சை மெத்தையாகச் சுற்ற வேண்டும். பாதத்தை மேல்நோக்கி மடக்கி, கால்விரல்களின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, ஒரே இழுப்பில் இழுபடும் கட்டுத்துணியை முழங்காலுக்குக் கீழ்வரை ஏற்ற வேண்டும். கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அமைய வேண்டும். தேங்கிய ரத்தம் மேலே ஏறும், வீக்கம் குறையும், புண்ணுக்கு உயிர் வரும். இவ்வளவும் முடிந்த பிறகு, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை எல்லாச் சுற்றுகளையும் தொட்டு அழியாத மையால் நேராக ஒரு கோடு இழுப்பேன். நோயாளி அவிழ்த்துத் திரும்பச் சுற்றினால் கோடு துண்டு துண்டாக விலகிப் போகும். மாட்டிக்கொள்வார்.

பெரிய டாக்டர் அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் வாய்விட்டுப் பாராட்டினார். “போலீஸ் கோடு” என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஏறக்குறைய எல்லாருடைய கோடும் விலகித்தான் வந்தது. அதைப் பார்த்து நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? இத்தனை பேர் ஒரே மாதிரி பொய் சொல்ல முடியுமா என்று நினைத்திருக்க வேண்டும். இந்த மாவட்டமே பொய் சொல்கிறது என்று நினைத்தேன்.

வார்டில் காரிமங்கலத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தில் இரண்டு கைகளும் விளங்காமல் போனவர். மூக்கில் உட்காரும் ஈயை விரட்டவும் ஆள் வேண்டும். அவருக்கும் கால் புண், அவருக்கும் கட்டு, அவருக்கும் கோடு. மறுநாள் காலையில் கோடு விலகியிருந்தது. எனக்குள் ஏதோ உறுத்தியது. ஒரு நிமிடம் நின்றேன். பிறகு, அவர் மனைவி அவிழ்த்திருப்பார் என்று முடிவு செய்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் நிமிடம் அதுதான். மாதம்மாளுக்குச் செய்தது அதன் தொடர்ச்சி.

மாதம்மாள் ஒகேனக்கலில் சுற்றுலாக்காரர்களுக்கு மீன் வறுத்துக் கொடுக்கும் பெண்களில் ஒருவர். அப்போது ஐம்பது வயதிருக்கும். காலையிலிருந்து மாலைவரை விறகடுப்பின் முன் நிற்கும் வேலை. இடது கணுக்காலின் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வாரம் ஒரு முறை, முதல் பேருந்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வருவார். வெளிநோயாளிச் சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, எங்கள் அறைக்கு ஒரு வரிசை. பதினொன்றரைக்கு என் முன் உட்காரும்போது கால் பானை மாதிரி வீங்கியிருக்கும். அந்த வீங்கிய காலின் மேல் கட்டைப் போட்டு, கோட்டையும் இழுத்து அனுப்புவேன். மீன் கழுவும் தண்ணீர் படக்கூடாது என்று கட்டின் மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொள்வார். முதல் மூன்று மாதத்தில் புண் பாதியானது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு வாரமும் கட்டு கணுக்காலில் கயிறு மாதிரித் திரண்டு கிடக்கும். கோடு எங்கெங்கோ இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை. அறையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். வாசலில் பெரிய டாக்டர், கைக்குட்டையோடு.

“மீன் கேஸ் இன்னும் ஆறலையா ஆரோக்கியம்?”

பேனா தட்டத் தொடங்கியது. நான் மாதம்மாளின் காலை எல்லாரும் பார்க்கும்படி ஸ்டூலின் மேல் தூக்கி வைத்தேன்.

“இந்தக் கோடு எப்படிம்மா நகந்துச்சி? கோட்டுக்குக் காலு மொளச்சிதா?”

யாரோ சிரித்தார்கள்.

“நா தொடவே இல்லீங்க சார். அதுவாத்தான் எறங்கிப் போவுது.”

“அதுவா எறங்குதா? அரிக்குதுன்னு அவுத்துச் சொறிஞ்சிட்டு, பஸ்ல வரும்போது சுத்திக்கிட்டு வர. எனக்குத் தெரியாதா?”

“எம் பையன் மேல ஆணையா இல்லீங்க. ராத்திரி படுத்து எந்திரிச்சா லொடலொடன்னு ஆயிடுது.”

“பையன எதுக்கு இழுக்கற? பொய்யி ஒன்னோட.”

அவர் காலைக் கீழே இறக்கக்கூட இல்லை. நான் இறக்கச் சொல்லும்வரை அது ஸ்டூலின் மேலேயே இருந்தது. பேனாவின் சத்தம் நின்றது. ராத்திரி படுத்து எழுந்தால் தளர்ந்து போகிறது என்று அவர் சொன்னதில் முழு விளக்கமும் இருந்தது. படுத்தால் வீக்கம் வற்றும். வற்றினால் கட்டு காலுக்குப் பெரிதாகிவிடும், வழுக்கும். தானாகவே. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் கண்டதை, பாடம் படித்த நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை. கட்டை அவிழ்க்கிறார்’ என்று சிவப்பு மையால் எழுதினேன். அப்படி எழுதப்பட்டவர்களுக்கு அழுத்தக் கட்டை வீணாக்கக் கூடாது, வெறும் துணி வைத்து அனுப்பினால் போதும் என்பது பெரிய டாக்டரின் விதி. வெறும் துணியோடு மாதம்மாள் இரண்டு முறை வந்தார். பிறகு வரவில்லை. அடுத்த ஆண்டு நான் அறைப் பொறுப்பாளர் ஆனேன்.

என்னைத் திருத்தியது மனசாட்சி இல்லை. அதற்கு அவ்வளவு வலு இருந்ததில்லை. என் கால்தான் திருத்தியது. முப்பது ஆண்டு நின்ற காலில் நரம்பு புடைத்து, ஓய்வுபெற்ற ஆறாம் ஆண்டில் கணுக்காலில் புண் வந்தது. நானும் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு மும்தாஜ் முன் உட்கார்ந்தேன். நன்றாகவே கட்டினார். கடைசியில் மை எடுத்துக் கோடு இழுத்தார். அந்த வழக்கம் இன்னும் இருந்தது. மூன்று நாள் கழித்துப் போனபோது கோடு எட்டுத் துண்டாகியிருந்தது.

மும்தாஜ் சிரித்தார். “என்னா சார், நீங்களே அவுத்துட்டீங்களா? ரூல் போட்டதே நீங்கதானே?”

“நான் தொடவே இல்லம்மா.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த வாக்கியத்தை அதே அறையில் எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மும்தாஜ் ‘சரிங்க சார், சரிங்க சார்’ என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது. அவமானமாக இருந்தது. இதில் வேடிக்கை, அவர் என்னை எதுவும் திட்டவில்லை.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். காலையில் விழித்ததும் பாதத்தைத் தரையில் வைக்காமல், வீக்கம் வற்றிய காலில் நானே கட்டு போட்டுக் கோடு இழுத்தேன். மாலைவரை நேராக இருந்தது. மூன்று நாள் கழித்தும் பெரிதாக விலகவில்லை. அவ்வளவுதான் ஆராய்ச்சி. பணியில் இருந்தபோது இதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும்.

தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு மலிவாக முடிந்த பிறகுதான், போக வேண்டிய இடம் வேறு என்று புரிந்தது. புரிந்தும் நான்கு மாதம் தள்ளிப் போட்டேன்.

ஒகேனக்கலில் மீன் கடைகளின் வரிசையில் விசாரித்தேன். பக்கத்துக் கடைப் பெண், “யக்கா, ஒனக்கு ஒரு பெரியவரு வந்துருக்காரு. மாப்ள பாக்கவா என்னான்னு கேளு” என்றார். மாதம்மாள் திரும்பிப் பார்த்தார். முடி முழுதும் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“கட்டுக்கார சாரு.”

சேலையைச் சற்றே தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலம் இருந்த புண் இப்போது கணுக்காலைச் சுற்றிப் பாதி தூரம் வந்திருந்தது. பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“நா அவுக்கலன்னு ஒங்களுக்கு எப்பத்தான் தெரிஞ்சிது?”

“அன்னைக்கே பாதி தெரியும்மா.”

“பாதி தெரிஞ்சா பாதிதான திட்டணும்?”

ஒரு வாடிக்கையாளருக்கு மீனை எடுத்துக் கொடுத்துவிட்டு அவரே தொடர்ந்தார். “சரி, இப்ப இன்னாங்க பண்ணணும்?”

கட்டுகிறேன் என்றேன். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். புண் ஆறச் சத்து வேண்டும், மீன் சாப்பிடலாமே என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“பத்து வருசத்துக்கு மேல ஆச்சி, மீனத் தொட்டு. தின்னா சீழ் புடிக்கும்னு சொன்னாங்க.”

“எந்த மடையன் சொன்னது?”

“நீங்கதான் சார்.”

பக்கத்துக் கடைப் பெண் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. நான் சொல்லியிருப்பேன். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரோ எனக்குச் சொன்னதை. பகல் முழுவதும் மீன் வறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்ட ஒரு பெண்.

பென்னாகரத்தில் என் அண்ணன் மகன் வீட்டில் தங்கிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை, முதல் பேருந்தில் போவேன். மாதம்மாள் பாயில் படுத்தபடி, காலைத் தலையணை மேல் வைத்துக் காத்திருப்பார். அவர் மகன் பரிசல் ஓட்டுபவர். கதவைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விடுவார். அந்த மௌனம் எனக்கு வேண்டியதுதான். முதல் நாள் பாதத்தில் நாடியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கட்டைத் தொட்டேன். கோடு எதுவும் இழுக்கவில்லை.

‘நிற்காதே’ என்று ஒரு மீன்கடைப் பெண்ணிடம் சொல்வது, சாப்பிடாதே என்று சொல்வதற்குச் சமம். ஆகவே நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னேன். கெண்டைக்கால் தசை வேலை செய்தால்தான் கட்டும் வேலை செய்யும். பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் அதைப் பார்த்து, “ஆன்ட்டி டான்ஸ் ஆடுது” என்று கைபேசியில் படம் எடுத்தார்கள். “ஆடறதுக்குத் தனி ரேட்டு” என்றார் மாதம்மாள். மதியம் ஒரு மணி நேரம் கடைக்குப் பின்னால் படுத்துக் காலை உயர்த்தி வைத்தார். மீனும் சாப்பிட்டார்.

ஒன்பதாவது மாதம் புண் மூடியது. தோல் மெல்லியது, பளபளப்பானது. இனி ஆயுள் முழுக்க அழுத்தக் காலுறை போட்டால்தான் அது நிலைக்கும். கணுக்கால் முழுவதும் மடங்கவில்லை, இனி மடங்காது. வலியோடு அசைக்காமல் வைத்திருந்த ஆண்டுகளில் இறுகிப்போன மூட்டு அது. அதற்கு எந்தக் கட்டும் இல்லை.

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவரை அந்த வார்த்தையைச் சொல்லாமலே கட்டிக்கொண்டிருந்தேன்.

“எங்கிட்ட இங்க வந்து தனியாச் சொல்றீங்க,” என்றார். “திட்டுனது அங்க. அத்தினி பேருக்கு முன்னாடி.”

மும்தாஜ் மூலம் கேட்டு, போன மாதம் நடந்த ஒரு பயிற்சி நாளில் பேச இடம் வாங்கினேன். அந்தச் சுவரொட்டியைப் பற்றிய பயிற்சிதான். நாற்பது செவிலியர்கள், புதிய தலைமை டாக்டர். பக்கவாதக்காரரின் கோடு, சிவப்பு மை, மீன் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் வருபவர்களை அரை மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வைத்துவிட்டுக் கட்டுங்கள், கோடு போடுவதை நிறுத்துங்கள் என்றேன். புதிய டாக்டர் எழுந்து, “எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு பணிவு” என்றார். யோசனையை எழுதித் தரச் சொன்னார். தந்தேன். படுக்க வைக்கக் கட்டில் இல்லை என்று பதில் வந்தது. மும்தாஜ் மட்டும் சுவரோரம் ஒரு பெஞ்சைப் போட்டிருக்கிறார். மூன்று பேர் படுக்கலாம்.

மறு வாரம் ஒகேனக்கல் போனேன். மாதம்மாள் கடையில் கூட்டமில்லை.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்னா பண்ணாங்க?”

“கை தட்டினாங்க.”

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னாத்துக்கு?”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

“நா அங்க ஒக்காந்திருந்தா தட்டியிருப்பாங்களா?”

தட்டியிருக்க மாட்டார்கள் என்றேன்.

“அப்ப அடுத்த தபா என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க.”

மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டேன். பயிற்சிக்கு நோயாளிகளை அனுமதிக்கும் வழக்கம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மீனில் மசாலா தடவிக்கொண்டே கேட்டார்.

“சீட்டு போட்டுக்கிட்டு வந்தா உள்ள வுடுவாங்க இல்ல?”

“அது விடுவாங்க.”

“போதும். என்னிக்கின்னு மட்டும் சொல்லுங்க, கடைக்கு லீவு வுடறேன்.”

அடுத்த பயிற்சி வரும் வியாழக்கிழமை.